பெரிய கடையில் வாங்கிய சைக்கிளை மாடியில் வைத்து மறுபடி பூட்டியது

ஊருக்குப் பல கிளை வைத்து விளையாட்டுச் சாமான் விற்கும் பெரிய கடைகளில் சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்பேன். காசுக்கு ஏற்ற ஃபிரேம், ஒழுங்கான வெல்டிங், பெயரில்லாத சாமான் கலக்காத கியர் செட். குறை பெரும்பாலும் வண்டியில் இருக்காது. அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பூட்டுகிறார்களே, கடைக்குப் பின்னால் அந்த அரை மணி நேரம், அங்கேதான் இருக்கும். அக்கா மகனுக்கு வாங்கிய வண்டியில் கண்டதையும் சரி செய்ததையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

பையன் திருப்பத்தூரிலிருந்து வேலைக்கு வந்து பெங்களூரில் எங்கள் அல்சூர் வீட்டில் தங்கியிருக்கிறான். ஆபீஸ் டொம்லூரில். பஸ் ஏறினால் இந்திராநகர் சிக்னலிலேயே பாதி உயிர் போய்விடும், ஆட்டோ என்றால் சம்பளம் போய்விடும். சைக்கிள் என்று அவனே முடிவு செய்துவிட்டான். எந்த சைக்கிள் என்பதில்தான் தகராறு. "சித்தி, முன்னாடி சஸ்பென்ஷன், ரெண்டு டிஸ்க், இருபத்தொரு கியர், இதே விலைக்கு வருது" என்று போனைக் காட்டினான். இதே விலைக்கு வருகிறது என்பதுதான் அதில் பிரச்சினையே. மலிவு சஸ்பென்ஷன் ஃபோர்க், அதாவது ஸ்பிரிங் வைத்த முன் சக்கரக் கவை, வண்டிக்கு எடையை ஏற்றும், இரண்டு மழைக்காலத்தில் உள்ளே துருப்பிடித்து வெறும் இரும்புத் தடியாக நிற்கும். டிஸ்க் பிரேக்குக்கு அந்தந்த மாடலுக்கென்று தனித்தனி வடிவத்தில் பேட் தேடி அலைய வேண்டும். ரிம்மை இரு பக்கமும் பிடிக்கும் வி பிரேக்கின் ரப்பர் கட்டை எந்தத் தெருமுனைக் கடையிலும் தொங்கும். கடைசியில் முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழு கியர், வி பிரேக், 700சி என்கிற அளவுச் சக்கரம், ஸ்பிரிங் இல்லாத சாதா ஃபோர்க் என்று ஒப்புக்கொண்டான். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததில் ஒரு பூட்டும் லைட்டும் வாங்கும் அளவுக்கு மிச்சம் வந்தது.

வாங்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்றைக்குக் கடை முழுக்கக் குழந்தைகள், தளம் முழுக்க சைக்கிள் ஓட்டம், பூட்டுகிற ஆட்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. நாங்கள் ஒரு வாரநாள் காலையில் ஷட்டர் ஏறும் நேரத்துக்குப் போனோம். சைக்கிள் பகுதியில் இருந்த பையன் தருமபுரிக்காரன். முதலில் இந்தியில் ஆரம்பித்து, நான் அக்கா மகனிடம் பேசியதைக் கேட்டதும், "அக்கா நீங்க தமிழா, முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று தமிழுக்கு இறங்கினான். நல்ல பையன். போன மாதம் வரைக்கும் நீச்சல் உடைப் பகுதியில் இருந்தானாம். இந்தக் கடைகளில் அப்படித்தான், ஆளை மாற்றி மாற்றிப் போடுவார்கள். அதனால் அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்களுக்கு வேண்டிய மாடல் வரிசையாக நின்றது. அதில் ஒன்றுக்கு ஃபோர்க் பின்பக்கம் பார்த்துப் பூட்டியிருந்தது. சும்மா சொல்லவில்லை, அப்படியே நிறுத்தி விலைச்சீட்டும் தொங்கவிட்டிருந்தார்கள். பெட்டியில் வரும்போது ஹேண்டில்பாரும் முன் சக்கரமும் கழற்றியிருக்கும். ஃபோர்க் எந்தப் பக்கமும் திரும்பும். அவசரத்தில் திரும்பிய பக்கமே பூட்டிவிட்டால், பிரேக் கைகள் இரண்டும் ஃபோர்க்குக்குப் பின்னால் போய், முன் சக்கரம் பெடலுக்கு அருகில் வந்துவிடும். திருப்பத்தில் கால் விரல் டயரில் தட்டும். கண்டுபிடிப்பது சுலபம். ஃபோர்க்கின் கீழ்முனை முன்னோக்கிப் போயிருக்க வேண்டும், வி பிரேக் முன்பக்கம் தெரிய வேண்டும். காட்டியதும் பையன் எதிர்த்துப் பேசவில்லை, வண்டியை உள்ளே உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

தளத்தில் நிற்கிற வண்டி வேண்டாம், பெட்டியிலிருந்து புதிதாக எடுத்துப் பூட்டிக் கொடுங்கள் என்றேன். தளத்து வண்டியை எத்தனை பேர் ஏறி மிதித்தார்களோ, எத்தனை முறை கீழே சாய்ந்ததோ! கியர் இருக்கும் பக்கமாகச் சாய்ந்திருந்தால் பின்னால் தொல்லை. அளவு பார்ப்பதற்கு மட்டும் அந்த வண்டிகளை வைத்துக்கொண்டோம். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நீட்டமாக இருக்க வேண்டும். அப்படி வைத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரியான உயரம். கடைகளில் தரையில் கால் முழுசாக ஊன்றுகிற மாதிரி சீட்டை இறக்கி வைப்பார்கள். வாங்குகிறவருக்கு அது சௌகரியமாகத் தெரியும், ஒரு வாரத்தில் முழங்கால் பேசும். சீட்டை உயர்த்தும்போது கம்பியில் இருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஃபிரேம் சிறிது, ஒரு அளவு பெரியது கேளுங்கள்.

பில்லில் ஃபிரேம் நம்பர் எழுதச் சொன்னேன். இரண்டு பெடலுக்கும் நடுவில் ஃபிரேமின் அடியில், வண்டியைக் கவிழ்த்தால் தெரியும் இடத்தில் பொறித்திருப்பார்கள். வண்டி திருட்டுப் போனால் போலீஸ் கேட்பது அந்த நம்பரைத்தான்.

ஓட்டிக்கொண்டு வரவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றிக் காரில் போட்டுக் கொண்டுவந்து, மாடியில் துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் கயிறு கட்டி, சீட்டுக்கு அடியில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டோம். ஸ்டாண்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டாம், இது போதும். கருவிகள் என்று பார்த்தால், எல் வடிவ ஆலன் சாவி 4, 5, 6 (பெரும்பாலான வேலை 5-லேயே முடியும்), பெடலுக்கு 15 நம்பர் ஸ்பேனர், கோனுக்கு (சக்கர அச்சில் பால்ரஸை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு) மெல்லிய 13-ம் 15-ம், ஸ்போக் சாவி, நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், லித்தியம் கிரீஸ் ஒரு டப்பா, பழைய பனியன். கோன் ஸ்பேனர் மட்டும் சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைக்காது. மற்றதெல்லாம் எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன்.

முதலில் பெடல். வலது பெடல் சாதாரண மரை, இடது பெடல் எதிர் மரை. மிதிக்கிற சுழற்சியிலேயே பெடல் கழன்று விழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. விமானம் செய்வதற்கு முன் டேட்டனில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களும் தங்கள் வண்டியில் இடது பெடலுக்கு எதிர் மரைதான் வைத்தார்கள். ஞாபகம் வைக்க ஒரு வழி உண்டு. எந்தப் பக்கமானாலும், ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி இருக்கும்போது முன் சக்கரப் பக்கம் தள்ளினால் இறுகும், பின் சக்கரப் பக்கம் இழுத்தால் கழலும். வலது பெடல் சுலபமாக வந்தது, ஆனால் மரையில் கிரீஸ் ஒரு பொட்டுக்கூட இல்லை. இடது பெடல் கடைசிச் சுற்று வரை கனமாகவே வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் மரை இடுக்கெல்லாம் அலுமினியச் சுருள். பெடல் அச்சு இரும்பு, பெடல் மாட்டும் கை, அதாவது கிராங்க், அலுமினியம். கோணலாக வைத்து ஏர் கன்னால் ஏற்றியிருக்கிறார்கள், இரும்பு தன் வழியை வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. இப்படியே ஓட்டினால் ஒரு நாள் ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது பெடல் கையோடு, இல்லை, காலோடு வந்துவிடும்.

மறுநாள் கிராங்கைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பில்லோடு கடைக்குப் போனேன். சர்வீஸ் கவுன்டரில் இருந்த பெண், "டைட் பண்ணிக் கொடுத்துடறோம் மேடம்" என்றாள். இறுக்குவதற்கு மரை இருந்தால்தானே! உள்ளே அனுபவசாலி மெக்கானிக் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள் என்றேன். வந்தார் ஒருவர், கையெல்லாம் கறுப்பு. கறுப்புக் கை மெக்கானிக்கைப் பார்த்தால் எனக்கு ஒரு நம்பிக்கை வரும். ஓட்டையில் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கம்ப்யூட்டரில் சாமான் நம்பரைத் தட்டினார். இடது கிராங்க் கிடங்கிலிருந்து வர வேண்டும், காசு வேண்டாம், வந்ததும் போன் வரும் என்றார். வந்தது, அவரே மாற்றினார், கிரீஸ் போட்டுக் கையாலேயே பெடலை ஏற்றினார். பெரிய கடையின் நல்ல குணம் இதுதான். சாமானுக்கு நம்பர் இருக்கிறது, நம்பருக்குச் சாமான் இருக்கிறது, பில் இருந்தால் வாக்குவாதம் குறைவு. ஆனால் கவுன்டரோடு திரும்பிவிட்டால் அந்தக் கறுப்புக் கை மனிதர் உள்ளே இருப்பதே தெரியாமல் போய்விடும்.

சாமானுக்குக் காத்திருந்த நாட்களில் மற்ற வேலைகளைப் பார்த்தோம்.

முன் சக்கரத்தைக் கழற்றி, அச்சை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினால் ஆட்டுக்கல் மாதிரி கரகரத்தது. புது வண்டி! கோன் அளவுக்கு மேல் இறுகியிருந்தது. தொழிற்சாலையிலேயே இப்படித்தான் வரும், பெரிய கடை சின்னக் கடை என்று பேதமில்லை, பூட்டுகிறவர் பார்த்துத் தளர்த்தினால் உண்டு. லாக் நட்டைக் கழற்றிக் கோனை எடுத்தேன். ஒரு பக்கத்துக்குப் பத்து பால்ரஸ், 3/16 அங்குலம். பின் சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலம். உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய மஞ்சள் படலம், அவ்வளவுதான். துடைத்து, கிண்ணம் நிறைய கிரீஸ் வைத்து, பால்ரஸை ஒவ்வொன்றாக அதில் பதித்தோம். பையனுக்கு இந்த வேலை பிடித்துவிட்டது. ஒன்று கையிலிருந்து நழுவி மாடி விளிம்புக்கு ஓட, அதன் பின்னாலேயே தவழ்ந்து போய்ப் பிடித்தான்.

கோன் செட் பண்ணுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த வண்டிக்கு முன் சக்கரம் நட்டு போட்டது இல்லை, மடக்கும் பிடி வைத்த குவிக் ரிலீஸ். பிடியை மடக்கி இறுக்கும்போது அது குழாய் போன்ற அச்சை மயிரிழை அளவு நசுக்கும். ஆகவே கையில் வைத்திருக்கும்போது கொஞ்சமும் ஆட்டம் இல்லாமல் செட் பண்ணினால், வண்டியில் மாட்டியதும் இறுகிவிடும். கையில் இருக்கும்போது மிக லேசான ஆட்டம் இருக்க வேண்டும், பிடியை மடக்கியதும் அந்த ஆட்டம் மறைய வேண்டும். ஒரே முறையில் வராது. கோனை எட்டில் ஒரு சுற்று திருப்பு, லாக் நட்டை இறுக்கு, மாட்டிப் பார், கழற்று. ரிம்மைப் பக்கவாட்டில் ஆட்டினால் சத்தம் வரக் கூடாது, சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால் வால்வின் எடையிலேயே தானாகத் திரும்பி ஆடி நிற்க வேண்டும். அந்த இடம் வந்ததும் பையன், "சித்தி, விடுங்க, தொடாதீங்க" என்றான்.

குவிக் ரிலீஸ் பிடியைப் பற்றி இன்னொன்று. அதை நட்டு மாதிரி சுற்றிச் சுற்றி இறுக்கிவிட்டு நிறுத்தியிருப்பதை நான் தெருவில் நிறையப் பார்க்கிறேன். சுற்றுவது எதிர்ப்பக்க நட்டைச் சரிக்கட்டத்தான். பூட்டுவது மடக்கித்தான். உள்ளங்கையில் பிடியின் தடம் பதியும் அளவுக்கு அழுத்தம் வேண்டும்.

சக்கரம் பெண்டு எடுப்பது அடுத்த வேலை. பின் சக்கரத்தில் பிரேக் கட்டைக்கு அருகே ஒரு பக்கம் உரசியது. ஸ்போக்கை ஜோடி ஜோடியாகப் பிடித்து நசுக்கினால் சிலது டண் என்று புது இடத்தில் போய் உட்கார்ந்தது. புது வண்டியின் சக்கரம் ஓட்டத்தில் கோணுவதற்கு இதுவே காரணம், உட்காராத ஸ்போக் ஓடும்போது உட்காருகிறது. அதை முன்னமேயே உட்கார வைத்துவிட்டால் பின்னால் தொல்லை குறையும். பிறகு ரிம் வலப்பக்கம் வந்தால் அந்த இடத்தில் இடப்பக்க ஸ்போக்கைக் கால் சுற்று இறுக்க வேண்டும், எதிரில் இருப்பதைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். டயர் பக்கமிருந்து பார்த்து நிப்பிளை (ஸ்போக்கின் ரிம் முனையில் இருக்கும் சின்ன நட்டு) வலமாகச் சுற்றினால் இறுகும். கால் சுற்றுக்கு மேல் ஆசைப்படக் கூடாது. பின் சக்கரத்தில் கியர் பக்க ஸ்போக் எப்போதும் விறைப்பாகவே இருக்கும், அது குறை அல்ல.

பிரேக்கில் ஆபத்தான விஷயம் ஒன்று இருந்தது. முன் பிரேக் கட்டையின் மேல் விளிம்பு ரிம்மைத் தாண்டி டயரின் பக்கச்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாலு நாள் ஓட்டினால் ரப்பரை அறுத்துவிடும், டியூப் பிதுங்கி வெடிக்கும், அதுவும் முன் சக்கரத்தில். கட்டையை இறக்கி, டயருக்குக் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொடும்படி லேசாகச் சாய்த்து இறுக்கினேன். அந்தச் சாய்வு இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று கத்தும். ஒரு பக்கக் கை மட்டும் ரிம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் அடியில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே விட்டால் ஸ்பிரிங் விறைத்து விலகும்.

ஹேண்டிலும் அப்படியே. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஃபோர்க் மேல்முனையில் ஒரு தட்டல் கையில் தெரிந்தது. நிறையப் பேர் உச்சியில் இருக்கும் மூடி போல்ட்டைப் பலம்கொண்டு இறுக்குவார்கள். அந்த போல்ட் ஹேண்டிலைப் பிடிப்பதில்லை, பேரிங்குக்கு அழுத்தம் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட் இரண்டையும் முதலில் தளர்த்திவிட்டு, மேல் போல்ட்டைத் தட்டல் மறையும் வரை மட்டும் திருப்பி, ஸ்டெம்மை நேராக்கி, பக்க போல்ட்டை இறுக்க வேண்டும். சீட்டுக் கம்பியை உருவி அதற்கும் கிரீஸ் பூசினோம். வறண்டு கிடந்தால் இரண்டு வருஷத்தில் ஃபிரேமோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதை எடுக்க லேத் பட்டறைதான்.

கியர் விஷயத்தில் கடைக்காரர்கள் செய்திருந்தது பரவாயில்லை. எல்லை ஸ்க்ரூ இரண்டு உண்டு, பக்கத்தில் எச் என்றும் எல் என்றும் எழுதியிருக்கும். எச் சின்னப் பல்சக்கரத்துப் பக்கம், எல் பெரியதின் பக்கம். எல் தளர்ந்திருந்தால் செயின் பெரிய சக்கரத்தையும் தாண்டி ஸ்போக்குக்குள் விழும், அதோடு சக்கரமும் கியரும் சேர்ந்து போகும். இந்த வண்டியின் ஃப்ரீவீலில், அதாவது பின் பல்சக்கரத் தொகுப்பில், 14 முதல் 34 பல் வரை, 34-ஐத் தாண்டுகிறதா என்று கையால் தள்ளிப் பார்த்தேன், தாண்டவில்லை. கேபிளை மட்டும் அது நுழையும் இடத்தில் இருக்கும் பீப்பாய் ஸ்க்ரூவில் அரைச் சுற்று வெளியே எடுத்ததில் எல்லா கியரும் ஒழுங்காக ஏறியது.

ஓட்டத் தொடங்கிச் சில வாரங்களில் கியர் மறுபடி தடுமாறும். உடனே வண்டி மட்டம் என்று முடிவு கட்ட வேண்டாம். கேபிளின் வெளியுறை தன் இடத்தில் போய் அமுங்கி உட்காருவதால் கம்பி தொய்கிறது. முதல் இலவச சர்வீஸ் என்று கொடுப்பதே இதற்காகத்தான். அதற்கும் கடைக்கே போனோம், காசு கொடுத்து வாங்கிய உரிமையை ஏன் விட வேண்டும்? டோக்கன் போட்டு வண்டியை விட்டுவிட்டு மாலையில் வரச் சொன்னார்கள். அட்டையில் டிக் டிக் என்று எல்லாவற்றுக்கும் அடித்திருந்தது. செய்தது கியர் கேபிள், பிரேக் கேபிள், காற்று, செயினுக்கு எண்ணெய், ஒரு துடைப்பு. நன்றாகவே செய்திருந்தார்கள். ஆனால் 'ஹப் செக்' (ஹப் என்பது சக்கரத்தின் நடுக்குடம்) என்று டிக் அடித்திருந்த இடத்தில், திறந்தால் தெரியட்டும் என்று நான் முன்பே கோன் மேல் வைத்திருந்த மார்க்கர் புள்ளி அசையாமல் அப்படியே இருந்தது. சக்கரம் சுற்றுகிறதா என்று பார்ப்பதுதான் அவர்கள் அகராதியில் செக். பேரிங்கைத் திறப்பது தனி வேலை, விலைப்பலகையில் தனித் தொகை. சர்வீஸ் விடும்போது, திறப்பீர்களா, இல்லை பார்ப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டயர் விஷயத்தில் ஒரு கூத்து நடந்தது. ஆபீஸ் போகும் வழியில் பஞ்சராகி, பையன் மர்ஃபி டவுன் பக்கம் நாங்கள் வழக்கமாகப் போகும் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். அங்கே இருக்கும் அண்ணன் இரண்டு தலைமுறையாக அந்தத் தொழில். பஞ்சர் ஒட்டிவிட்டு, டயரில் கண்ணாடி கிழித்த இடத்தைக் காட்டி, "தம்பி, டயர் மாத்திக்கோ, 28 டயர் என்கிட்ட இருக்கு" என்று ஒன்றை எடுத்திருக்கிறார். எவ்வளவு நெம்பியும் ரிம்மில் உட்காரவில்லை, தொளதொளவென்று தொங்கியது. காரணம் இதுதான். நம் அப்பாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸ் மாதிரி கறுப்பு வண்டிகளின் 28 x 1½ டயருக்கு உள்விட்டம் 635 மில்லிமீட்டர். 700சி டயரையும் சிலர் 28 என்பார்கள், ஆனால் அது 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். டயர் ஓரத்தில் 40-622 என்கிற மாதிரி ஒரு எண் அச்சிட்டிருக்கும், பின்பாதி 622 என்றால் எந்தக் கம்பெனி டயரும் சேரும். 29 அங்குல மலை வண்டி டயரும் அதே 622 தான், ஃபிரேமில் இடம் இருந்தால் அதுவும் ஏறும்.

அண்ணனிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, பெரிய கடை வண்டிகளைப் பற்றிக் கேட்டேன். "வண்டியில குத்தம் இல்லம்மா. ஒரு சாமான் போனா எங்கிட்ட வர்றாங்க, எங்கிட்ட அந்தச் சாமான் இல்ல. அங்க போனா நாலு நாள் ஆகும்ங்கறான். நான் என்ன பண்ண?" நியாயமான பேச்சு. ஆனால் இந்த வண்டியை உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததில், அவர் பயப்படும் அளவுக்கு இல்லை. ஏழு கியர் செயின், பிரேக் கட்டை, கேபிள், பெடல், ஃப்ரீவீல், டியூப் எல்லாம் பொது அளவு. சிட்டி மார்க்கெட் பக்கம் மொத்த வியாபாரிகளிடம் கிடைப்பதுதான். கடைக்கே போக வேண்டியது ஒன்றே ஒன்றுக்கு, டிரெய்லியர் ஹேங்கர். பின் கியரை ஃபிரேமோடு இணைக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு. வண்டி சாய்ந்தால் ஃபிரேம் வளையாமல் தான் வளைவதற்கென்றே மென்மையாகச் செய்தது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம். மாடல் நின்றுபோனால் தேடியும் கிடைக்காது. வண்டி வாங்கும்போதே இதில் ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், நான் வாங்கி வைத்தேன்.

அது சீக்கிரமே வேலைக்கு வந்தது. ஆபீஸ் பார்க்கிங்கில் யாரோ ஸ்கூட்டரை எடுக்கும்போது வண்டியைச் சாய்த்துவிட்டார்கள். பெரிய கியரில் செயின் ஸ்போக்கை டிக் டிக் என்று தொட்டது. பின்னாலிருந்து பார்த்தால் கியரின் கீழ்க்கூண்டு உள்பக்கம் சாய்ந்திருந்தது. ஆலன் சாவியில் இரண்டு ஸ்க்ரூ, பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினோம். கியரை இந்த முறை பையனே செட் பண்ணினான். வளைந்ததை அண்ணன் வைஸில் வைத்து நிமிர்த்தித் தருகிறேன் என்றார். அலுமினியத்தை ஒரு முறை நிமிர்த்தலாம், இரண்டாம் முறை ஒடியும். வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கடையில் இன்னொரு ஹேங்கருக்கு ஆர்டர் கொடுத்தோம்.

செயினை நான் ஸ்கேலால் அளக்கிறேன். புதுச் செயினில் ஒரு ஊசியின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு ஊசியின் நடு சரியாக வரும். அந்த ஊசி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போனால் செயினை மாற்ற வேண்டும், எட்டில் ஒரு பங்கு போகும் வரை விட்டால் ஃப்ரீவீலையும் சேர்த்து வாங்க வேண்டும். பெங்களூரில் மழைக்கும் மெட்ரோ பள்ளத்து மண்ணுக்கும் நடுவே ஓடுகிற வண்டிக்கு இது சீக்கிரமே வரும். எண்ணெயை விட்டுக்கொண்டே இருப்பதைவிட, துணியால் துடைத்துவிட்டு இணைப்புக்கு ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தை மறுபடி துடைப்பது நல்லது. வெளியே வழியும் எண்ணெய் மண்ணைச் சேர்த்து அரைக்கும்.

இரண்டு கிராங்கையும் இணைக்கும் அச்சும் பேரிங்கும் இருக்கும் பாட்டம் பிராக்கெட்டை மட்டும் நாங்கள் திறக்கவில்லை. அது மூடிய கார்ட்ரிட்ஜ் வகை, உள்ளே கிரீஸ் வைக்க வழியில்லை, போனால் அப்படியே மாற்ற வேண்டியதுதான். வலப்பக்கத்து மரை எதிர்த்திசை என்று பையனுக்குச் சொல்லி, முதலில் கிராங்கைக் கழற்ற வேண்டிய கிராங்க் புல்லரையும் எடுத்து வைத்திருக்கிறேன். கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டினால் இப்போதைக்கு ஆட்டம் இல்லை.